அக்குள் வாடைக்குப் படிகாரமா, ஸ்பிரேயா?

வியர்வைக்கென்று தனி நாற்றம் பெரிதாகக் கிடையாது. அக்குளில் சுரக்கும் கெட்டியான வியர்வையைப் பாக்டீரியா சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது.

ஸ்பிரே அடித்தவுடன் மணக்கும். பலவற்றில் இருப்பது ஆல்கஹாலும் வாசனைப் பொருளும்தான். நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக் கை தூக்கி நின்றால், மதியத்துக்குள் அந்த மணமும் வியர்வையும் கலந்து இன்னும் மோசமாகிவிடும்.

படிகாரம், சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே கல். குளித்ததும் ஈர அக்குளில் நாலு முறை தேய்த்து, காய்ந்த பிறகு சட்டை போட்டால் போதும். மணக்காது, பாக்டீரியாவை அடக்கும். ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும். என் ஓட்டு இதற்குத்தான். மழித்த அன்று மட்டும் வேண்டாம், எரியும்.

இடுப்புக்குக் கீழே இரண்டுமே கூடாது. அங்கே தோல் மெல்லியது. முன்தோலை வலிக்காமல் பின்னுக்குத் தள்ளி, தினமும் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். தொடை இடுக்குக்கு மிதமான சோப்பு. அப்புறம் ஈரம் போகத் துடைத்துவிட்டு, துவைத்துக் காய்ந்த பருத்தி ஜட்டி. கழுவியும் நாற்றமோ அரிப்போ நீடித்தால் தோல் மருத்துவரிடம் கூசாமல் காட்டுங்கள்.