வார்டில் நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்: டர்பனில் எங்களுக்கு நடந்தது

தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று டர்பனைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சாலை விபத்து இழப்பீட்டு வழக்கை அட்டர்னியிடம், அதாவது வழக்கறிஞரிடம், கொடுத்திருப்பவர்களும் கொடுக்கப் போகிறவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். ஒரு லட்சம் ராண்டுக்கு மேல் பறிகொடுத்த பிறகே இவை எங்களுக்குத் தெரிய வந்தன.

2019 ஜூன் மாதம். என் கணவர் கிளேர்வுட் மொத்தச் சந்தைக்கு வேலைக்குப் போகிறவர். விடியற்காலை நான்கு மணிக்கு ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் அவர் வண்டி மீது ஒரு டெலிவரி வேன் மோதியது. வலது மணிக்கட்டும் இடது தொடை எலும்பும் முறிந்தன. மூன்றாம் நாள், பார்வையாளர் நேரத்தில், ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு வார்டுக்கு வந்தார். தைப்பூசத்தின்போது கோயிலில் பார்த்துப் பழகிய முகம். என் மாமியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "அண்ணனுக்கா இப்படி ஆக வேண்டும், அக்கா" என்று கண் கலங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பையிலிருந்து தாள்களை எடுத்தார். "நம் ஆள்தான் அட்டர்னி. ஒரு காசு முன்பணம் வேண்டாம். பணம் வந்தால் கொடுங்கள், வராவிட்டால் வேண்டாம்."

கணவரின் வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. ஆகவே இடது கட்டைவிரலில் மை தடவி, ஐந்து இடங்களில் ரேகை வைத்தோம். மை போகவில்லை; அன்று மாலை ஈரத்துணியால் நான்தான் அந்த விரலைத் துடைத்துவிட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும். நகல் கேட்டதற்கு, "ஆபீஸிலிருந்து வரும், அக்கா" என்றார். வரவே இல்லை.

மருத்துவமனையில் ஆள் பிடிப்பதும், அதற்குத் தரகர் வைப்பதும் அட்டர்னிகளின் நடத்தை விதிகளுக்கு விரோதம் என்று அன்று எனக்குத் தெரியாது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் அரசின் சாலை விபத்து நிதியத்தில், அதாவது ரோடு ஆக்சிடென்ட் ஃபண்டில், அட்டர்னி இல்லாமல் நாமே நேரடியாக மனு கொடுக்கலாம் என்பதும் தெரியாது. மோதிய ஓட்டுநர் யார் என்று தெரிந்தால் விபத்து நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள், நிற்காமல் ஓடிவிட்டால் இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. படுக்கையருகே, மருந்து மயக்கத்தில், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட எந்தக் காரணமும் இல்லை.

அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் காத்திருப்பு. நான் எப்போது தொலைபேசியில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நிதியம் இன்னும் பணம் அனுப்பவில்லை." 2023 மார்ச்சில் பொறுமை இழந்து, கோரிக்கை எண்ணைச் சொல்லி நிதியத்திலேயே நேராகக் கேட்டேன். 6,40,000 ராண்ட் 2022 செப்டம்பரிலேயே, அட்டர்னி கட்சிக்காரர்களின் பணத்தை வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்குக்குப் போய்விட்டது என்றார்கள். அரை ஆண்டாக எங்கள் பணம் அவர் கணக்கில் இருந்திருக்கிறது. அதே காலத்தில் நாங்கள் வீட்டு வாடகைக்கு மைத்துனரிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரலில் எங்கள் கைக்கு வந்தது 3,71,000. கூடவே ஒரே பக்கத்தில் ஒரு கணக்கு: "கட்டணம் 25 விழுக்காடு, 1,60,000. செலவுகள் 58,000. நிர்வாகக் கட்டணம் 51,000." என்ன செலவு, எந்தத் தேதியில், எதற்காக என்று ஒரு வரி கூட இல்லை. கேட்டபோது, "எல்லாரும் இப்படித்தான் எடுப்பார்கள், அம்மா. கால்பங்கு எங்கள் உரிமை" என்றார் அட்டர்னி.

உரிமை இல்லை. நம் மக்களில் படித்தவர்கள் கூட இதைத் தவறாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். வென்றால் மட்டும் கட்டணம் என்று பேசிக்கொள்ளும் வழக்குகளுக்கு 1997ஆம் ஆண்டின் 66ஆம் எண் சட்டம் இருக்கிறது. அதன்படி, செய்த வேலைக்கு வழக்கமாக என்ன கட்டணம் ஆகுமோ அதைக் கணக்கிட்டு, அதிகபட்சம் இருமடங்கு வரை வாங்கலாம். அந்த இருமடங்கும் கிடைத்த தொகையில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 25 என்பது கூரை. வேலைக்கு வழக்கமான கட்டணம் 50,000 என்றால் அவர் ஒரு லட்சம் கேட்கலாம். எங்களுக்கு வந்த தொகையில் கால்பங்கு 1,60,000 என்பதற்காக அந்த 1,60,000ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு மேல் "நிர்வாகக் கட்டணம்" என்று இன்னொன்றைச் சேர்ப்பது அந்தக் கூரையையும் உடைப்பது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், கட்சிக்காரருக்கு நகல் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கையெழுத்திட்ட பிறகும் 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்து விலகிக்கொள்ளலாம். நகலே கையில் இல்லாதவருக்கு அந்தப் பதினான்கு நாட்கள் எப்படித் தெரியும்?

புகார் எழுத உட்கார்ந்தேன். ஒன்பது பக்கம் எழுதினேன். அழுதுகொண்டே எழுதியது. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தெருப் பெரியவர் அதைப் படித்துவிட்டு, "அம்மா, இதில் கோபம் இருக்கிறது, தேதி இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னபடி இரண்டே பக்கமாக மாற்றினேன். எந்த நாளில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், அதற்கு என்ன ஆதாரம், அவ்வளவுதான். வங்கி அறிக்கை, நிதியம் அனுப்பிய கடிதம், அந்த ஒரு பக்கக் கணக்கு, மருத்துவமனைத் தாள்கள் எல்லாவற்றுக்கும் எண் போட்டு இணைத்தேன்.

அனுப்ப வேண்டிய இடம் லீகல் பிராக்டிஸ் கவுன்சில். நம் பெரியவர்கள் இன்னும் "லா சொசைட்டி" என்றே சொல்கிறார்கள். வட்டாரங்களுக்கென்று இருந்த நான்கு பழைய சங்கங்கள் போய், 2014ஆம் ஆண்டின் 28ஆம் எண் சட்டப்படி 2018 நவம்பர் 1 முதல் அட்டர்னிகளையும் அட்வகேட்களையும் ஒழுங்குபடுத்துவது இந்தக் கவுன்சில்தான். மாகாண அலுவலகங்கள் உண்டு. ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கவுன்சில் உங்கள் வழக்கறிஞர் இல்லை, உங்களுக்காக வாதாடாது. தொழில் செய்பவர் ஒழுங்காக நடந்தாரா என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

என் புகாரின் நகல் அட்டர்னிக்கு அனுப்பப்பட்டு, பதில் கேட்கப்பட்டது என்று அறிந்தபோது எனக்குக் கடுங்கோபம் வந்தது. திருடியவரிடம் போய் விளக்கம் கேட்பார்களா என்று கணவரிடம் கத்தினேன். நான் நினைத்தது தவறு. அந்தப் பதில்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. நான்கு ஆண்டுகளாக எங்கள் கண்ணில் படாத ஒப்பந்தத்தை அதில் இணைத்திருந்தார். கட்சிக்காரர் 2019 ஜூலை 2 அன்று தம் அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்திட்டதாக எழுதியிருந்தார். தாளின் கீழே வலப்பக்கம் சாய்ந்த, வளைவுகள் நிறைந்த அழகான கையெழுத்து. என் கணவர் ஜூலை 19 வரை மருத்துவமனையில் இருந்தார். டிஸ்சார்ஜ் தாளில் அந்தத் தேதி இருக்கிறது. மாவுக்கட்டைப் பிரித்தது ஆகஸ்டில். அந்த மை படிந்த கட்டைவிரலைத் துடைத்த எனக்குத் தெரியாதா, அவர் அந்த நாட்களில் பேனா பிடித்தாரா இல்லையா என்று?

விசாரணைக் குழு கோப்பைப் பார்த்து, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பியது. அங்கே அவருக்கு வழக்கறிஞர் உண்டு, என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. ஒரு மணி நேரம் கேட்டார்கள். குரல் நடுங்கியது. ஆனால் தேதிகள் நடுங்கவில்லை. குழு அவரைக் குற்றவாளி என்று கண்டது. அபராதம் விதித்ததோடு, எங்களுக்கு இழப்பீடு தரவும் சொன்னது. அப்படிச் சொல்லும் அதிகாரம் சட்டத்திலேயே குழுவுக்கு இருக்கிறது. வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது மட்டும் உயர் நீதிமன்றத்தின் கையில். புகார் சரியாக விசாரிக்கப்படவில்லை என்று தோன்றினால் புகார் கொடுத்தவரும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு விதவைப் பெண்மணி, வீடு விற்ற பணத்தை வேறோர் அட்டர்னியின் டிரஸ்ட் கணக்கில் போட்டு முழுவதையும் இழந்தார். அட்டர்னி டிரஸ்ட் பணத்தைத் திருடினால் ஈடுகட்டவே ஃபிடெலிட்டி ஃபண்ட் என்று ஒரு நிதியம் இருக்கிறது. ஆனால் திருட்டு தெரிய வந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் கோரிக்கை கொடுக்க வேண்டும். அந்தம்மா, "அடுத்த வாரம் தருகிறேன், அம்மா" என்ற பேச்சை நம்பி ஓர் ஆண்டு காத்திருந்தார். இனிய வார்த்தையில் மூன்று மாதம் ஓடிவிடும், எண்ணிக்கொண்டே இருங்கள். கட்டணம் அதிகம், வேலை மோசம் என்ற குறைகளுக்கு அந்த நிதியம் பணம் தராது, திருட்டுக்கு மட்டும்தான்.

டிரஸ்ட் பணம் கையாளும் ஒவ்வோர் அட்டர்னியும் ஆண்டுதோறும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் வாங்க வேண்டும். அது டிசம்பர் 31 வரைதான் செல்லும். நடப்பு ஆண்டுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். எங்கள் அட்டர்னியிடமும் அது இருந்தது, சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஆகவே அதைப் பார்த்த கையோடு ஒப்பந்தத்தின் நகலையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருங்கள். பணம் வந்ததா என்பதை அட்டர்னியிடம் மட்டும் கேட்காமல் சாலை விபத்து நிதியத்திலும் கேளுங்கள்.

அவர் பெயரைக் கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம். மேல்முறையீடு செய்திருக்கிறார், அது அவருடைய உரிமை. அது முடியும் வரை நான் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் பணம் இன்னும் வரவில்லை. ஆனால் வார்டிலோ பிணவறையிலோ யாராவது தாளை நீட்டுகிறார்கள் என்றால் உடனே எழுதுங்கள். நான் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்ததும் பகல் இரண்டு மணி வரை பள்ளியிலேயே இருப்பேன். தாளைக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து வரிவரியாகச் சேர்ந்து படிப்போம்.