டெபியனுடன் நான்கு ஆண்டுகள்: என் மனக்குறை அதன் பெயரைப் பற்றியது

களுவாஞ்சிகுடியில் கற்பிக்கும் நண்பர் ஒருவர், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடலாமா என்று போன கிழமை கேட்டார். 2021 இறுதியிலிருந்து என் மடிகணினியில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. 11ஆம் பதிப்பில் தொடங்கி இப்போது 13இல் நிற்கிறேன். வேகத்திலோ உறுதியிலோ குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் சென்ற மாதம் ஹாட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தமிடத் தொடங்கியபோது, மட்டக்களப்பு நகரில் திருத்தக் கொடுத்த கடையில், மூடியைத் திறக்கும் முன்னரே "லினக்ஸ் போட்டா இப்பிடித்தான் சேர்" என்றார் அங்கிருந்த தம்பி. தரவு எழுதப்படும் சிறு பகுதிகளான செக்டர்களில் பழுதானவற்றின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியதை டிஸ்க்கின் சொந்த அறிக்கையிலேயே காட்டினேன். அவர் மனம் மாறவில்லை. எல்லாவற்றையும் 'லினக்ஸ்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவதுதான் என் மனக்குறை.

லினக்ஸ் என்பது 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதி, மட்டுமே. அவர் அதற்கு 'ஃபிரீக்ஸ்' என்று பெயரிட எண்ணியிருந்தார். பின்லாந்துச் சேவையகத்தில் அதற்கு இடம் கொடுத்த ஆரி லெம்கே வைத்த பெயரே நிலைத்துவிட்டது. வன்பொருளோடு பேசுவது கெர்னல். ஆனால் நான் இடும் கட்டளையை வாங்கும் பாஷ், கோப்பைப் பிரதியெடுக்கும் சிறு நிரல், அவையெல்லாம் சார்ந்திருக்கும் சி நூலகம் ஆகியவை, கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வந்தவை. 1993இல் இயன் மர்டொக், தம் காதலி டெப்ராவின் பெயரோடு தம் பெயரையும் சேர்த்துத் தொடங்கிய டெபியன், தன்னை 'டெபியன் குனு/லினக்ஸ்' என்றே எழுதிக்கொள்கிறது. இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் 'யூநேம்' கட்டளையை 's' என்ற தெரிவோடு கொடுத்தால் 'லினக்ஸ்' என்றும், 'o' என்று கொடுத்தால் 'குனு/லினக்ஸ்' என்றும் விடை வரும். அந்தக் கட்டளையே குனுவினுடையது. நண்பரின் அன்ட்ரொயிட் தொலைபேசியிலும் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான், ஆனால் அங்கே குனு இல்லை.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. 2021இல் முதன்முதலாக நிறுவியபோது வைஃபை வேலை செய்யவில்லை. 'லினக்ஸ் வைஃபை' என்று தேடியே இரண்டு இரவுகளைத் தொலைத்தேன். கெர்னலில், அட்டையை இயக்கும் நிரலான டிரைவர் சரியாகவே இருந்தது. வைஃபை அட்டைக்குள் ஏற்றவேண்டிய சிறு நிரலான ஃபேர்ம்வெயார், எவரும் மாற்றவும் பகிரவும் இடந்தரும் கட்டற்ற உரிமம் இல்லாத காரணத்தால், அன்றைய அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து, அதன் இணையத்தில் அந்த ஒரு பொதியை இறக்கியதும் எல்லாம் சரியாயிற்று. எந்தப் பகுதி யாருடையது என்று தெரிந்திருந்தால் பத்து நிமிட வேலை. 12ஆம் பதிப்பிலிருந்து டெபியன் ஃபேர்ம்வெயாரையும் சேர்த்தே தருகிறது. புதிய டிஸ்க்கில் 13ஐ நிறுவியபோது, தமிழிலேயே கேள்வி கேட்ட நிறுவல் திரை வீட்டு வைஃபையைத் தானே கண்டுபிடித்துக் காட்டியதில் எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

இவ்வளவும் சொன்ன பிறகும், நண்பருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றே பதில் அனுப்பினேன். அவருக்கு ஊரில் திருத்திக் கொடுக்க ஆள் வேண்டும். மின்கலம் பழுதானாலும் விசைப்பலகை பழுதானாலும் 'லினக்ஸ்' என்ற ஒரே சொல்லில் பழியைப் போட்டுத் திருப்பி அனுப்பினால் அவர் எங்கே போவார்? நான் டெபியனை விடப்போவதில்லை. ஆனால் அந்தக் கடைக்கு இனிப் போவதாக இல்லை.