எதிர்வினை நேரம் அளக்க எது: கீபோர்டா, ரெஸ்பான்ஸ் பாக்ஸா, பிரவுசரா?

திரையில் வெளிச்சம் தெரிந்ததும் பட்டனைத் தட்டச் சொன்னால் ஆரோக்கியமான இளைஞருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி பிடிக்கும். ஒலிக்கு இன்னும் குறைவு. இதை அளக்கக் கருவி தேடும் ஆய்வு மாணவர்கள் "எதில் துல்லியம் அதிகம்?" என்றுதான் கேட்கிறார்கள். எதை எதோடு ஒப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; கருவி தானாக முடிவாகும்.

சாதாரண யூஎஸ்பி கீபோர்டைக் கணினி பெரும்பாலும் 8 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது. கீபோர்டுக்குள்ளேயும் ஒரு தாமதம் உண்டு. மாடலைப் பொறுத்து 20, 30 மில்லி விநாடிகூடப் போகலாம். ரெஸ்பான்ஸ் பாக்ஸ், அதாவது நேரம் அளப்பதற்கென்றே செய்த பட்டன் பெட்டி, 1 மில்லி விநாடி அளவுக்கு நெருங்கிவிடும். ஆனால் விலை கையைக் கடிக்கும்.

அந்தச் செலவு தேவையா? ஸ்ட்ரூப் சோதனையைப் பாருங்கள். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் இருக்கும். பச்சைக்கான பட்டனைத் தட்ட வேண்டும். சொல்லும் நிறமும் பொருந்தாதபோது எவ்வளவு நேரம் கூடுகிறது என்பதுதான் கேள்வி. சொல்லும் நிறமும் பொருந்தும்போதும் பொருந்தாதபோதும் அதே கீபோர்டுதான். அதனால் அதன் நிலையான தாமதம் இரண்டிலும் ஒரே அளவு ஏறி, கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது. ஒரு நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழித்து மன வேலையை அளக்கும் வழியை 1868-லேயே டச்சுக்காரர் டாண்டர்ஸ் காட்டிவிட்டார். மிச்சம் இருப்பது, கணினி எட்டிப் பார்க்கும் இடைவெளியால் முறைக்கு முறை 0 முதல் 8 மில்லி விநாடி வரை மாறும் தடுமாற்றம். அதன் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) சுமார் 2.3 மில்லி விநாடி. ஒரே ஆளின் நேரத்துக்கு முறைக்கு முறை திட்ட விலக்கம் 60 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், கீபோர்டின் தடுமாற்றமும் சேர்ந்து அது 60.04 ஆகும். இதற்காகப் பாக்ஸ் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னும் பலரைச் சோதியுங்கள்.

ஈஈஜி (மூளையின் மின் அலை) பதிவோடு விரலசைவைப் பொருத்த வேண்டுமா, முழு நேரத்தையே வேறொரு லேபின் எண்ணோடு வைத்துப் பேச வேண்டுமா, அப்போது பாக்ஸ் கட்டாயம். கூடவே ஃபோட்டோடயோட் என்ற ஒளி உணரும் சென்சாரை ஒட்டித் திரையையும் சோதியுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரைய ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி எடுக்கும். நடுவில் வரும் சொல் மேல் விளிம்பைவிட 8 மில்லி விநாடி பிந்தித்தான் தெரியும். இதைக் கவனிக்காமல் பாக்ஸ் மட்டும் வாங்குவது வீண்.

இணையம் வழியாகப் பிரவுசரில் சோதனை நடத்தினால் அளவு மோசம் என்ற பேச்சு பழசாகிவிட்டது. 2020-ல் வந்த பெரிய ஒப்பீட்டில், பிரவுசரில் ஓடிய சைக்கோபை என்ற சோதனை மென்பொருளின் எதிர்வினை நேரத் தடுமாற்றம், சோதித்த எல்லா பிரவுசரிலும் 3.5 மில்லி விநாடிக்குள் நின்றது. ஒரே ஆளுக்குள் இரண்டு நிலைகளை ஒப்பிட இது தாராளம்.

ஆனால் குழுக்களை ஒப்பிடும்போது பிரவுசரை நான் நம்பமாட்டேன். முதியவர்கள் பழைய போனிலும் மாணவர்கள் கேமிங் லேப்டாப்பிலும் செய்திருந்தால், வரும் 40 மில்லி விநாடி வித்தியாசம் வயதாலா கருவியாலா என்று பிரிக்கவே முடியாது. அங்கே ஒரே லேப்டாப்பை இரு தரப்பிடமும் கொண்டுபோவதுதான் வழி. ஒலிச் சோதனை என்றால் வயர் உள்ள ஹெட்போன்தான். ப்ளூடூத் மட்டுமே 100 மில்லி விநாடிக்கு மேல் தின்றுவிடும்.