முழுசாக ஒடியாத ஸ்டியரிங்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஏமாந்தேன்

"ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் சார் இருக்கும்." விற்றவரின் இந்தப் பேச்சை நம்பி மூன்று மாதம் ஓட்டினேன்.

இரண்டு சீட் வண்டி, கைமாறி வந்தது. வாங்கும்போதே விற்றவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிக் காட்டினார். "பாருங்க, ரெண்டே சுத்து. ரேஸ் வண்டி ஸ்டியரிங்!" எனக்கும் புல்லரித்தது. டெஸ்ட் டிரைவ் முழுக்க நேர் ரோடு. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மற்றதெல்லாம் மறந்துபோனது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. குடும்பக் கார் ஒரே மூச்சில் அடிக்கும் யூ டர்னுக்கு இது இரண்டு தடவை ரிவர்ஸ் கேட்டது. வலப்பக்கம் ஒடித்தால் இடப்பக்கத்தை விட அகலமாகச் சுற்றியது. ஃபுல் லாக்கில் (ஸ்டியரிங் முட்டி நிற்கும்வரை ஒடித்து) மெதுவாகத் திருப்பினால் முன் டயர்கள் தத்தித் தத்தி உதறின.

விற்றவருக்குப் போன் செய்தேன். அகல டயருக்குச் சக்கரக் குழிக்குள் இடம் குறைவு என்றார், அது சரிதான். வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். 1818-ல் இங்கிலாந்தில் ஆக்கர்மன் பெயரில் காப்புரிமையான குதிரை வண்டிக் காலத்துக் கணக்கு அது. வேகத்துக்கென்று செய்த கார்களில் பலவற்றில் அந்த வித்தியாசத்தைக் குறைத்துவிடுவதால், மெதுவாகத் திருப்பும்போது டயர் உதறும் என்றார். அதுவும் சரிதான். இவ்வளவு தெரிந்த ஆள் எதையாவது மறைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு காலி மைதானத்தில் தண்ணீர் ஊற்றி, ஈர டயர் விட்ட தடத்தை டேப் வைத்து அளந்தேன். வலப்பக்க வட்டம் 13 மீட்டருக்கு மேல், இடப்பக்கம் 12 சொச்சம். கம்பெனி போட்டிருந்த கணக்கு 11 மீட்டர் சொச்சம். (டர்னிங் சர்க்கிள் என்றால் முழு விட்டம், ரேடியஸ் அதில் பாதி. இதைக் குழப்பியும் பதில் சொல்வார்கள்.) விற்றவரோ, "பம்பர் நுனியோட சேர்த்து அளந்திருப்பீங்க" என்றார். நான் அளந்ததே டயர் தடத்தைத்தான்.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஸ்டியரிங்கைத்தான் எண்ணினார். கம்பெனி விவரத்தில் லாக் டு லாக், அதாவது ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, 2.5 சுற்று. என் வண்டியில் இரண்டைக் கொஞ்சம் தாண்டியதும் டக்கென்று நின்றது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் தண்டுதான் ரேக். அதன் முனையை மூடும் ரப்பர் உறையைக் காட்டினார். உலோகக் கிளாம்ப் இருக்கவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் டை. வெட்டிப் பிரித்தால், உள்ளே டை ராட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) பக்கத்தில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு வளையம். மறுபக்கமும் ஒன்று, அது கொஞ்சம் மெலிது. இடமும் வலமும் வேறுபட்டதற்குக் காரணம் அதுதான்.

நடந்தது இதுதான். பார்வைக்காக அகலமான சக்கரமும், அதை வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர் தட்டும் மாட்டியிருக்கிறார்கள். ஒடித்தால் டயர் சக்கரக் குழியின் உள் லைனரில் (பிளாஸ்டிக் மூடியில்) உரசியிருக்கிறது. உரசாமல் இருக்க ரேக்கின் ஓட்டத்தையே வளையம் போட்டு மறித்துவிட்டார்கள். இதனால் சக்கரம் ஐந்து டிகிரி குறைவாகத் திரும்பினாலே கதை கந்தல். 2.6 மீட்டர் வீல்பேஸில் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) வெளிச்சக்கரம் 28 டிகிரி திரும்பினால் வட்டம் சுமார் 11 மீட்டர். 23 டிகிரிதான் என்றால் 13-ஐத் தாண்டும். நான் வியந்த "ரெண்டே சுத்து" வேக ஸ்டியரிங்கே இல்லை, பாதி வழியில் முட்டி நிற்கும் சாதாரண ஸ்டியரிங். ஒரே அளவு கைத் திருப்பலுக்குச் சக்கரம் எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் வேகம்.

பணம் கொடுக்கும் முன் சுற்றை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் ஃபுல் லாக்கில் ஒரு வட்டம் அடியுங்கள். ரேக் ரப்பர் உறையின் கிளாம்பை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வளையங்களைக் கொண்டுபோய் விற்றவர் மேசையில் வைத்தேன். "முந்தைய ஓனர் போட்டிருப்பார் சார்" என்றார். புது சக்கரம் நாங்களே மாட்டினோம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டதை மறந்துவிட்டார் போல.