நிலைத்த தகைப்பா, கடந்து செல்லும் அலையா?

ஒரு நிலநடுக்கம் இன்னொன்றை எப்படித் தூண்டுகிறது என்பதை விளக்க இரு மாதிரிகள் உள்ளன: ஒன்று, பாறையில் ஏறி நிற்கும் தகைப்பு, அதாவது பாறையை அழுத்தும் விசை; மற்றது, பாறையை உலுக்கிக் கடந்து செல்லும் அதிர்வலை. முல்லைத்தீவுக் கரையை அழித்த 2004 மார்கழி 26 சுனாமிக்குக் காரணமான சுமாத்திரா நிலநடுக்கத்துக்கு மூன்று மாதங்களின் பின், அதே பிளவின் (புவியோட்டில் பாறைகள் ஒன்றையொன்று உரசி வழுக்கும் முறிவின்) அயற்பகுதியான நியாஸ் தீவருகே 8.6 அளவில் இன்னொன்று நிகழ்ந்தது. இதற்கு நிலைத்த தகைப்பு மாதிரியே பொருத்தமானது என்பேன்: வழுக்கிய பகுதி இறக்கிய சுமையில் ஒரு பங்கு அயற்பகுதியில் ஏறி, நீங்காது நிற்கிறது, ஏற்கெனவே முறியும் தறுவாயிலுள்ள பிளவுக்கு, வளிமண்டல அமுக்கத்தின் பத்திலொரு பங்கு கூடினாலே போதுமாகலாம். ஆனால் அது தூரத்துடன் விரைந்து தேயும்.

2012 சித்திரை 11 இல் நம் கரைகளுக்கும் சுனாமி எச்சரிக்கை தந்த 8.6 நடுக்கமோ, உலகின் மறுகோடியிலும் சில நாட்கள் நடுக்கங்களைப் பெருக்கியது. அங்கே அதிர்வலை மாதிரியே கைகொடுக்கிறது. எனினும் அலை சிறிது நேரத்தில் கடந்துவிடுவதால், அந்நடுக்கங்கள் நாட்கணக்கில் தாமதித்து வந்ததை விளக்க, பிளவிலுள்ள நீரின் அமுக்கம் மாறியது, மெதுவான வழுக்கல் தொடங்கியது என்றெல்லாம் துணைக் கருதுகோள்களைத் தேட வேண்டியுள்ளது.