கறுப்புக் காரில் ஸ்வர்ல் மார்க்: ஒரு சுற்று பாலிஷா, மூன்று சுற்றா?

என் கறுப்பு டொயோட்டாவுக்கு அண்மையில் ஒரு சுற்று பாலிஷ் மட்டும் போட்டேன். பட்டறையில் மூன்று சுற்று போடலாம், கண்ணாடி போல ஆகிவிடும் என்றார்கள். யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் நண்பகல் வெயிலில் பானெட்டைக் குனிந்து பார்த்தால் ஆழமான கோடுகள் சில தெரியும். அவை இருக்கட்டும் என்று தெரிந்தே விட்டதுதான். கறுப்பு வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் காரணத்தை எழுதுகிறேன்.

ஸ்வர்ல் மார்க் என்றால் யாரோ வட்டமாகத் தேய்த்துக் கீறியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. துணியில் ஒட்டிய மண் எல்லாத் திசையிலும் மெல்லிய கீறல்களைப் போடுகிறது. அவற்றில் விளக்குக்குக் குறுக்காக விழுந்தவை மட்டும் மின்னுவதால், விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியது போலத் தெரிகிறது. வெள்ளை வண்டியிலும் இதே கீறல்கள் உண்டு. கறுப்பில் பின்னணி இருட்டாக இருப்பதால் எதுவும் மறைவதில்லை.

மலிவான வழி, கீறலை நிரப்பி மறைக்கும் கிளேஸ் அல்லது ஃபில்லர் கலந்த மெழுகு. அன்றைக்கு அழகாக இருக்கும், சில முறை கழுவியதும் பழையபடி ஆகிவிடும். வண்டியை விற்கப் போகிறவருக்கு அது போதும். ஆனால் ‘பாலிஷ்’ என்று காசு வாங்கிக்கொண்டு இதைப் போட்டு அனுப்பும் இடங்களும் உண்டு. வேலை முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த நீரைத் தெளித்து ஓர் இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். நிரப்பியிருந்தால் கீறல் உடனே வெளியே வரும்.

இன்னொரு வழி, டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷ் மெஷின் வாங்கி நாமே செய்வது. ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றும். கை பழகாவிட்டால் சூடேறும், கறுப்பில் ஹாலோகிராம் (வெயிலில் பார்த்தால் அலையாகத் தெரியும் மெஷின் தடம்) விழும். டிஏ சுற்றிக்கொண்டே அசைவதால் ஆபத்து குறைவு. தரைவீட்டில் இருப்பவர்கள் தாராளமாக முயன்று பார்க்கலாம். ஆனால் சிங்கப்பூரில் என்னைப் போல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருந்தால், பல மாடி கார் நிறுத்துமிடத்தில் பொது மின்சாரத்தில் சொந்த மெஷினைச் செருக முடியாது, தூசி ஓயாது, கீறலைக் காட்டும் வெளிச்சமும் கிடைக்காது. பேட்டரி மெஷின்கள் வந்திருக்கின்றன. நான் ஓட்டிப் பார்த்ததில்லை என்பதால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஆக, எனக்கு மிஞ்சியது பட்டறைதான். அங்கேதான் உண்மையான கேள்வி: ஒரு சுற்றா, மூன்று சுற்றா?

மூன்று சுற்று என்றால் முதலில் முரட்டு காம்பவுண்டும் (தேய்த்து அரைக்கும் பசை) கம்பளி அல்லது மைக்ரோஃபைபர் பேடும், பிறகு நடுத்தர பாலிஷ், கடைசியில் மெல்லிய ஸ்பாஞ்சில் ஃபினிஷிங். ஒரு சுற்று என்றால் மெல்லிய பாலிஷ் ஒன்று மட்டும். விலை வித்தியாசம் பெரிதுதான். நான் கேட்ட இடங்களில் ஒன்று சில நூறு வெள்ளி, மற்றது கோட்டிங்கோடு சேர்த்து ஆயிரத்தைத் தாண்டியது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும், என்னை முடிவெடுக்க வைத்தது கிளியர் கோட்.

கீறல் இருப்பது கறுப்பு நிறத்தில் இல்லை, அதன் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில். பாலிஷ் போடுவது கீறலை எடுப்பது அல்ல, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துக் கழிப்பது. தொழிற்சாலையில் அடித்த கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியே பொதுவாக அதைவிடத் தடிமன். மெல்லிய பாலிஷ் அதில் ஒரு மைக்ரான் அளவுக்கு எடுக்கும். முரட்டு காம்பவுண்ட் அதைப் போலப் பல மடங்கு எடுக்கலாம். பெயிண்ட், பேட், பிடிக்கும் கை எல்லாவற்றையும் பொறுத்து அளவு மாறும். ஆனால் போனது போனதுதான், திரும்ப வளராது.

பட்டறைக்காரர் பூச்சின் தடிமனை அளக்கும் கருவியை வைத்து “பாருங்கள், 120 மைக்ரான் இருக்கிறது” என்று தைரியம் சொல்வார். அந்த எண் பிரைமர், நிறம், கிளியர் கோட் மூன்றும் சேர்ந்தது. சாதாரணக் கருவியால் கிளியர் கோட்டை மட்டும் பிரித்துக் காட்ட முடியாது. உலோகத்தின் மேல்தான் அது வேலை செய்யும் என்பதால் பிளாஸ்டிக் பம்பரில் அளக்கவும் முடியாது. கதவு விளிம்பிலும் பாடியின் மடிப்புக் கோட்டிலும் பூச்சு இன்னும் மெல்லிசாக இருக்கும், மெஷின் அழுத்துவதும் அங்கேதான் அதிகம். முன்னும் பின்னும் அளந்து எவ்வளவு குறைந்தது என்று பார்க்கத்தான் அந்தக் கருவி நல்லது. அப்படி அளந்து காட்டுகிறவரிடம் வண்டியை நம்பிக் கொடுக்கலாம்.

இனி சிங்கப்பூர்க் கணக்கு. வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டு. புதுப்பித்தால் இன்னும் 5 அல்லது 10. இங்கே வெயில் ஆண்டு முழுவதும் தலைக்கு மேல் அடிக்கிறது. நண்பகலில் புறஊதாக் குறியீடு 11-ஐத் தொடும் நாள்கள் உண்டு. அதைத் தாங்குவது கிளியர் கோட்தான். அது தேய்ந்து தளர்ந்தால் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டுத் திட்டாக உரியும். பழைய வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு எந்தப் பாலிஷும் கேட்காது, மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். கைமாற்றி விற்கும்போது பளபளப்புக்கு மதிப்பு உண்டு, சரி. ஆனால் 10 ஆண்டுக்குள் பதிவை நீக்கிப் பார்ஃப் தொகை (அரசு திருப்பித் தரும் தள்ளுபடி) வாங்குகிறவருக்கு, அந்தத் தொகை வண்டியின் வயதையும் பதியும்போது கட்டிய ஏஆர்எஃப் வரியையும் பொறுத்தது. பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வண்டியைப் புதுப்பித்து ஓட்டும் எண்ணம் எனக்கு இருக்கிறது. அதனால் ஒவ்வொரு மைக்ரானும் எனக்கு வேண்டும்.

அப்புறம், கீறல் திரும்ப வரும். மூன்று சுற்று போட்டாலும் வரும். டொயோட்டாவின் 202 என்ற எண் கொண்ட கறுப்பு பெயிண்ட் மென்மையானது என்று டீட்டெய்லிங் வேலை செய்கிறவர்கள் பலரும் சொல்வார்கள். துடைக்கும் துணியே சில நேரம் கோடு போட்டுவிடும். அதே மென்மையால் மெல்லிய பாலிஷுக்கே அது நன்றாக இறங்கி வருகிறது: என் வண்டியில் பெரும்பாலான வலைக் கோடுகள் ஒரு சுற்றிலேயே போய்விட்டன. ஜெர்மன் வண்டிகளின் கெட்டியான கிளியர் கோட்டில் இதே முடிவு கிடைக்குமா என்பது வேறு விஷயம், அங்கே ஒரு சுற்று போதாமல் போகலாம்.

திரும்ப வருவதைத் தள்ளிப்போடக் கழுவும் முறையைத்தான் மாற்ற வேண்டும். புளோக்கின் கீழே ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியால் பல வண்டிகளைத் துடைக்கிறவரிடம் கறுப்பு வண்டியைக் கொடுக்காதீர்கள். பிரஷ் சுற்றும் தானியங்கிக் கழுவலுக்கும் அதே பதில். எங்கள் புளோக்கில் ஹோஸ் பிடிக்க வழியில்லாததால் நான் ரின்ஸ்லெஸ் கரைசல் (துடைத்த பின் தண்ணீர் ஊற்றி அலசத் தேவையில்லாதது) பயன்படுத்துகிறேன். முதலில் ஸ்பிரே செய்து மண்ணை ஊறவிடுவேன். சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள் பலவற்றை வாளியில் நனைத்து, ஒவ்வொரு பக்கமாக மடித்துத் துடைத்து, அழுக்கான துணியை மறுபடி வாளியில் போடாமல் ஒதுக்குவேன். கடைசியில் கீழ்ப்பகுதியும் சக்கரமும், அவற்றுக்குத் தனித் துணி. வண்டியில் கெட்டியாக மண் ஏறியிருந்தால் இது போதாது. அன்றைக்குப் பெட்ரோல் நிலையத்தில் பிரஷர் தண்ணீர் அடித்துவிட்டு வந்துதான் துணி வைப்பேன்.

மூன்று சுற்றுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முந்தைய உரிமையாளர் பிரஷ் கழுவலில் பாழாக்கிய பழைய வண்டி, ரோட்டரி ஹாலோகிராம் விழுந்த வண்டி என்றால் ஒரு முறை ஆழமாகச் செய்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒரு தடவை அதைப் பேக்கேஜாக விற்கிறார்கள் பாருங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பெயிண்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங் வேண்டுமா என்றும் கூடவே கேட்பார்கள். நானும் போட்டேன். மழை பெய்தால் தண்ணீர் உருண்டு ஓடுகிறது, தூசி எளிதில் விடுகிறது, கழுவும்போது உரசல் குறைகிறது. ஓரிரு மைக்ரான் படலம்தான் என்பதால் அழுக்குத் துணி போடும் கீறலை அது தடுக்காது. எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்ல எனக்கு இன்னும் காலம் ஆகவில்லை. பெயிண்டைக் காக்க ஒட்டும் பிளாஸ்டிக் படலமான பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும், உண்மையான கவசம் அதுதான். முழு வண்டிக்கும் ஒட்ட ஆகும் செலவைக் கேட்டு நான் விட்டுவிட்டேன். புது வண்டியாகக் கறுப்பு எடுக்கிறவர்கள், முதல் கீறல் விழுமுன் குறைந்தது பானெட்டுக்காவது விலை விசாரியுங்கள்.