விசா ஏஜென்ட்டிடம் 86,500 ரூபாயைத் தொலைத்தோம், நீங்களும் மாட்டிக்காதீங்க

போன திங்கட்கிழமை அம்மா, அப்பா பாஸ்போர்ட் இரண்டும் கூரியரில் திரும்பி வந்தன. விசா இல்லை. உள்ளே ஒரு நிராகரிப்புத் தாள். பயண நோக்கம் பற்றிக் கொடுத்த தகவல் நம்பும்படி இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். தங்கச்சி ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள், அடுத்த மாதம் தலைப்பிரசவம். பெத்தவங்க மகளைப் பார்க்கப் போவதில் நம்ப முடியாதது என்ன இருக்கு?

ஏஜென்ட் கொடுத்த ஃபைல் நகலை அன்று ராத்திரிதான் பக்கம் பக்கமாகப் படித்தேன். நோக்கம்: சுற்றுலா. பிராங்க்ஃபர்ட்டில் ஹோட்டல் புக்கிங். தங்கச்சி பெயரோ, ஸ்டுட்கார்ட் முகவரியோ எங்கேயும் இல்லை. விமான டிக்கெட்டில் இருந்த பிஎன்ஆரை (புக்கிங் எண்ணை) ஏர்லைன்ஸ் தளத்தில் போட்டால் அப்படி ஒரு புக்கிங்கே கிடையாது.

ஆபீஸ் திருச்சியில், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில். முதல் நாள் போனபோது அந்த ஆள் அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "அம்மா, பேரனோ பேத்தியோ, பொறந்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பணும்"னார். அதில்தான் அம்மா விழுந்துட்டாங்க. நானும்தான். "ஃபார்ம், இன்சூரன்ஸ், டிக்கெட் எல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் நீட்டினார். அப்பா மற்ற பக்கங்களைப் பார்க்காமலே போட்டார். ரெண்டு பேருக்கும் சேர்த்து 86,500 ரூபாய். அதில் விசா கட்டணம் தலைக்கு 90 யூரோ, ரெண்டு பேருக்கு ஏறக்குறைய பதினெட்டாயிரம். மிச்சமெல்லாம் 'சர்வீஸ்'.

விருந்தாளிகள் செலவு முழுக்க என் பொறுப்பு என்று மாப்பிள்ளை அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி எழுதி வாங்கிய பத்திரத்தின் அசலை கூரியரில் அனுப்பியிருந்தார். அந்தக் கவர் மூலையில் அம்மா மஞ்சள் தடவித்தான் ஏஜென்ட்டிடம் கொடுத்தாங்க.

இப்போது கேட்டால், "கான்சுலேட் முடிவு சார், நம்ம கையில இல்ல." செவ்வாய்க்கிழமை நேரில் போனேன், மேனேஜர் ஊரில் இல்லையாம். வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் விழுது, பதில் இல்லை. வியாழக்கிழமை ரிசப்ஷன் பொண்ணு, "சார் மீட்டிங்ல இருக்கார்"னது. நான் நகரவில்லை. அந்தப் பத்திரத்தையாவது திருப்பிக் கொடுங்க என்று சத்தம் போட்ட பிறகு ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதே கவர், அதே மஞ்சள். பிரிக்கவே இல்லை! எங்கள் கேஸுக்கு முக்கியமான காகிதத்தை வைக்காமலேயே ஃபைலைக் கட்டிக் கொடுத்து, அப்பாவையும் அம்மாவையும் ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குக் கைரேகை வைக்க அனுப்பியிருக்கிறார்கள்.

அப்புறம் ஏஜென்ட் கூசாமல், "இன்னொரு தடவை போட்டுடலாம் சார், நாப்பதாயிரம் போதும்" என்கிறார். 86,500 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பாது, ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்றுதான் இருக்காம்.

முன்பெல்லாம் ஜெர்மன் தூதரகத்துக்கே மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அதையும் எடுத்துட்டாங்க. பெர்லினில் கோர்ட்டுக்குப் போகணும், இல்லை புதுசாக விண்ணப்பிக்கணும்.

நிதானமாக எழுத இப்போது மனசு இல்லை, இதை மட்டும் பார்த்துக்கங்க. ஃபார்மை முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் சுற்றுலா என்று எழுத விடாதீங்க. பிஎன்ஆரை நீங்களே சரிபாருங்க. இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல், தங்குகிற நாள் முழுக்க இருக்கணும். தேவையான காகிதங்களின் பட்டியல் தூதரகத் தளத்திலேயே சும்மா கிடைக்குது, ஏஜென்ட்டே வேண்டாம்.

இந்தத் தடவை நானே ஃபார்ம் நிரப்புறேன். பிரசவத்துக்குள் கிடைக்குமா தெரியாது. அம்மா இடிச்சு வச்ச பிரசவ மருந்துப் பொடி பெட்டியிலேயே இருக்கு.